சைடு கொடுத்து ஓட்டிய பந்தயம்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் கார் ஓட்டுவதைப் பற்றி இங்கே நிறைய அபிப்பிராயம் சொல்லப் போகிறேன். சின்ன வயதிலேயே வலது கண்ணில் பார்வை மங்கிவிட்டது; லைசென்ஸ் ஆசையை அப்போதே மூட்டை கட்டி வைத்துவிட்டேன். பேருந்தில் பள்ளிக்கூடம் போகிறேன், கணக்கு நடத்துகிறேன், பேருந்தில் வீடு திரும்புகிறேன். எங்கள் வீட்டில் காரை ஓட்டுவது என் மனைவி. நான் இடதுபக்க இருக்கையில் உட்கார்ந்துகொண்டு வாயால் ஓட்டுவேன். “பாத்து”, “பைய”, “பிரேக்கு, பிரேக்கு.” கல்யாணமான புதிதில் அவளுக்கு இது அன்பாகத் தெரிந்திருக்கலாம். பிறகு என் சத்தம் அது பாட்டுக்கு நடக்கும், அவள் பாட்டுக்கு அவள் ஓட்டுவாள்.

அவள் நர்ஸ். மார்த்தாண்டம் பக்கம் ஒரு மருத்துவமனையில் வேலை. ஆனால் வார்டில் அல்ல. எழுந்து நடமாட முடியாமல் வீட்டிலேயே கிடப்பவர்களைத் தேடிப்போய்ப் பார்க்கும் வேலை. படுக்கைப்புண்ணுக்கு மருந்து வைப்பது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, வலி மருந்து போதுமா என்று கேட்பது, அந்த வீட்டுப் பெண்கள் அழுதால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. திற்பரப்பு, குலசேகரம் பக்கங்களில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே மேட்டில் ஒன்றும் பள்ளத்தில் ஒன்றுமாகக் கிடக்கும் வீடுகள். பேருந்து மெயின் ரோட்டோடு சரி. அவளுடைய சின்ன வெள்ளைக் கார் அந்தச் சரிவுகளில் எல்லாம் ஏறி இறங்கி முற்றம் வரைக்கும் போய் நிற்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஒவ்வொரு வீட்டுக் கதையும் சொல்வாள். அந்த வேலை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

ஐப்பசி மழை நேரத்தில் ஒருநாள் அது நடந்தது. எங்கள் மாவட்டத்து மேற்குப் பக்கத்துச் சாலைகளைத் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். சாலை ஒரு வண்டிக்குத்தான் போட்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் வீட்டு மதில். கண்ணெட்டும் தூரத்தில் எப்போதும் ஒரு வளைவு இருக்கும். பின்னால் ஹாரன் கேட்டால் யோசிக்காமல் ஒதுங்கிச் சைடு கொடுத்துவிட வேண்டும். கொடுக்காதவனை ஊரே பேசும். பின்னால் வருகிறவனுக்கு என்ன அவசரமோ, ஆஸ்பத்திரிக்கோ, கல்யாணத்துக்கோ, நமக்கென்ன தெரியும் என்பது இங்கே எல்லா ஓட்டுநர்களுக்கும் ஊறிப்போன எண்ணம். இவளுக்கு இன்னும் ஒரு பங்கு அதிகம். அன்றைக்குப் பின்னால் ஒரு பேருந்து ஹாரன் அடித்திருக்கிறது. இவள் வழக்கம்போல இடதுபக்கம் ஒதுங்கியிருக்கிறாள். அந்த இடைவெளியில் ஏற்கெனவே ஒரு பைக் நுழைந்திருந்தது.

பைக்கில் வந்தவர் மதிலோரத்து ஓடைக்குள் விழுந்தார். கால் எலும்பு முறிந்தது. ரப்பர் பால் வெட்டப் போகிற மனிதர். பல மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. அவரே இவளிடம், தப்பு என்மேல்தான் சிஸ்டர், மழைக்குப் பயந்து இடுக்கில் நுழைந்துவிட்டேன் என்று சொன்னார். கேஸ் எதுவும் ஆகவில்லை. கட்டுப் பிரிக்கும்வரை இவளே பேருந்தில் போய் அவரைப் பார்த்து வந்தாள். இப்போது அவர் நன்றாக நடக்கிறார். பால் வெட்டவும் போகிறார். எல்லாம் சரியாகிவிட்டது, இவளைத் தவிர.

“கண்ணாடியப் பாக்காம ஒதுக்கிட்டேன்” என்று அன்று ராத்திரி ஒரே ஒரு தடவை சொன்னாள். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. காருக்கு உறை போட்டாள். வார்டுக்கு மாற்றல் கேட்டாள், கொடுத்தார்கள். வீடுகளுக்கு அவளுக்குப் பதிலாக இன்னொரு நர்ஸ் பேருந்தில் போனார். பேருந்தில் போய் எத்தனை வீட்டைப் பார்க்க முடியும்? உள்ளே தள்ளியிருக்கிற வீடுகள் விட்டுப்போயின. தென்னையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடக்கும் ஒருவரின் மனைவி அடிக்கடி போன் பண்ணுவார். “சிஸ்டரே, எப்பம் வருவிய?” என்ற குரல் எனக்கே கேட்கும். வாறேன் என்று இவள் சொல்வாள். போனை வைத்துவிட்டு அதை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மருத்துவமனையில் அவளுக்குத் தவணை சொல்லியிருந்தார்கள். பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்துக்குள் பழைய வேலைக்குத் திரும்புகிறாளா இல்லையா என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் அவள் வார்டிலேயே இருந்துகொள்ளலாம். அந்தத் தூரத்து வீடுகளைக் கைவிட்டுவிடுவார்கள்.

இந்த நிலைமையில்தான் எங்கள் மகள் ஈஸ்டருக்கு வந்தாள். பெங்களூரில் வேலை. ஹைதராபாத்துக்கு மாறிப் போகிறாள் என்பதால் அவளுடைய சாமான்களில் பாதியைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் இறக்கினாள். அதில் ஒரு பெரிய பெட்டி. பிரித்துப் பார்த்தால் ஒரு ஸ்டியரிங், மூன்று பெடல், ஒரு கியர் கம்பி. டிவியில் இணைத்துக் கார் பந்தயம் ஓட்டுகிற சமாச்சாரம். இவ்வளவு பெரிய பிள்ளை, சம்பாதிக்கிற பிள்ளை, பொம்மைக் கார் ஓட்டுகிறதா என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டு ஸ்டியரிங்கைச் சாப்பாட்டு மேசையில் முறுக்கிப் பொருத்தினாள். இரண்டு நாள் ஓட்டினாள். பிறகு ஹைதராபாத் போய்விட்டாள். ஸ்டியரிங் மேசையிலேயே இருந்தது. நாங்கள் அதற்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கும் மீனும் சாப்பிட்டோம்.

ஒருநாள் மாலை நான் டீ போட்டுக்கொண்டு வந்தபோது, மனைவி தூசி தட்டுகிற துணியோடு அந்த ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் அதன்மேல் வைத்திருந்தாள். டிவி ஓடவில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் சமையலறைக்குத் திரும்பிவிட்டேன். வாயை மூடிக்கொண்டிருந்த சந்தர்ப்பங்கள் என் வாழ்க்கையில் குறைவு. அதில் அது ஒன்று. ராத்திரி மகளுக்குப் போன் போட்டு, இதை எப்படி ஓட விடுவது என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

முதல் பந்தயம் ஒரு கூத்து. எந்த நாட்டுச் சாலையோ, வழவழவென்று இருந்தது. பச்சை விளக்கு எரிந்ததும் எல்லாக் காரும் பாய்ந்தன. இவளும் கிளம்பினாள். ஒரு வளைவு வந்ததும் அவள் கட்டைவிரல் ஸ்டியரிங்கின் நடுவே ஹாரனைத் தேடியது. ஹாரன் அங்கே இல்லை. அதற்குள் பின்னால் ஒரு சிவப்புக் கார் நெருங்கி வந்தது. இவள் உடனே இடதுபக்கம் ஒதுங்கி வேகத்தைக் குறைத்தாள். சிவப்புக் கார் போனது. அடுத்தது வந்தது, அதற்கும் வழிவிட்டாள். இப்படி எல்லோரையும் மரியாதையாக அனுப்பிவைத்துவிட்டுக் கடைசியில் வந்து சேர்ந்தாள்.

இது பந்தயம், இதில் யாரும் சைடு கொடுக்க மாட்டார்கள் என்று விளக்கினேன். அவளுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் பின்னால் ஒரு வண்டி வந்து ஒட்டினால் அவள் கை தானாக இடதுபக்கம் திரும்பிவிடும். எத்தனை தடவை சொன்னாலும் அப்படித்தான்.

நான் கணக்கு வாத்தியார். கேள்வித்தாள் எப்படி இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஒரு கொள்கை உண்டு. பயந்துபோயிருக்கிற பிள்ளைக்கு முதலில் சுலபமான தாள் கொடுக்க வேண்டும். பாஸானால் ஒரு தெம்பு வரும். தெம்பு வந்த பிறகு கஷ்டமானதைக் கொடுக்கலாம். இதே முறையைத்தான் இங்கேயும் கையாண்டேன். மகளிடம் கேட்டு, விளையாட்டில் உள்ள எல்லா உதவியையும் போட்டுவைத்தேன். எங்கே பிரேக் பிடிக்க வேண்டும் என்று சாலையிலேயே கோடு தெரியும். பிடிக்காவிட்டால் காரே பிடித்துக்கொள்ளும். கியரைக் காரே மாற்றும். மற்றக் கார்கள் ஆமை வேகத்தில் போகும். அவளிடமும் சொன்னேன், போட்டுக்கோங்க என்றாள். அவளுக்கு அதில் அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

இதன்பின் அவள் ஜெயித்தாள். இவள் சைடு கொடுத்தாலும் அந்தச் சோம்பேறிக் கார்கள் முந்தவில்லை. முதல் இடம், கோப்பை, திரையில் வாணவேடிக்கை. நான் கை தட்டினேன். உண்மையாகவே எனக்குச் சந்தோஷம். ஒரு வாரத்தில் காரின் உறையை எடுத்துவிடுவாள் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன். அவள் கோப்பையைப் பார்த்துவிட்டு, அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று எழுந்து போனாள்.

ஒரு சனிக்கிழமை அவள் ஓட்டிக்கொண்டிருந்தபோது வளைவில் வேறொரு காரை இடித்துவிட்டாள். அது சுழன்று மண்ணுக்குள் போனது. இவள் சட்டென்று ஸ்டியரிங்கை விட்டுவிட்டாள். முகம் வெளுத்துவிட்டது. மகள் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்து, ஒரு பொத்தானை அழுத்தினேன். அந்த விளையாட்டில் அப்படி ஒரு வசதி இருக்கிறது. தப்பு நடந்துவிட்டால் அதை அழுத்தலாம். நடந்ததெல்லாம் பின்னோக்கி ஓடும். மண்ணுக்குள் போன கார் திரும்பிச் சாலைக்கு வந்தது. மோதிய கார்கள் விலகின. இரண்டு காரும் எதுவுமே நடக்காத மாதிரி பழைய இடத்துக்குப் போய் நின்றன.

பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை என்று உற்சாகமாகச் சொன்னேன்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளே வேண்டுமென்றே அந்தக் காரை மறுபடி இடித்தாள். பொத்தானை அழுத்தினாள். கார் திரும்பி வந்தது. மறுபடி இடித்தாள். மறுபடி அழுத்தினாள். எனக்குப் பயமாகிவிட்டது. போதும் என்றேன். அவள் நிறுத்திவிட்டு, தணிந்த குரலில் கேட்டாள்.

“இடிச்சது இல்லன்னு ஆயிருமானா, பின்ன ஓட்டுகது என்னத்துக்கு?”

கணக்கில் பதில் இருக்கிற கேள்விகளைத்தான் நான் பழகியிருக்கிறேன்.

மறுநாள் ஆராதனை முடிந்து வந்ததும் மகளை வீடியோவில் கூப்பிட்டாள். அந்தப் பின்னால் ஓடுகிற பொத்தானை எடுத்துவிட வேண்டும், இடித்தால் கார் உடைய வேண்டும், கோடு வேண்டாம், தானாகப் பிரேக் பிடிப்பது வேண்டாம், கியர் தான்தான் போட வேண்டும், நிஜக் கார் எப்படியோ அப்படி வேண்டும். மகள் திகைத்துவிட்டாள். முழுக்க நிஜமாக வைத்தால் ரொம்பக் கஷ்டம், நானே அப்படி வைத்ததில்லை அம்மா, பாதி உதவியாவது இருக்கட்டும் என்றாள். நான் குறுக்கே புகுந்தேன். பயந்துபோன பிள்ளைக்கு யாராவது முதல் தாளே கடினமாகக் கொடுப்பார்களா, இருந்த கொஞ்சத் தெம்பும் போய்விடும் என்று கத்தினேன். கொஞ்சம் அதிகமாகவே கத்தினேன். மகள், அப்பா சொல்லுகதிலயும் ஞாயம் உண்டும்மா என்று எனக்குச் சாதகமாக ஒரு வார்த்தை சொன்னாள்.

மனைவி எங்கள் இரண்டு பேர் பேச்சையும் முழுசாகக் கேட்டாள். பிறகு, “நான் அதுல ஜெயிச்சதெல்லாம் நானில்ல மக்கா. அதுவா ஓடி அதுவா ஜெயிச்சுது. நான் சும்மா இருந்தேன்” என்றாள்.

மகள் ஒவ்வொன்றாக எங்கே போய் எதை அணைக்க வேண்டும் என்று சொன்னாள். நான்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக அணைத்தேன். கோபத்தோடுதான் அணைத்தேன்.

அதன்பிறகு அந்த மேசையில் நடந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. கிளம்பும்போதே இன்ஜின் நின்றுவிடும். முதல் வளைவில் கார் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கும். பிரேக்கை அழுத்தமாக மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். ஸ்டியரிங் கையை முறுக்கியது. மணிக்கட்டில் தைலம் தேய்த்துக்கொண்டாள். மதிலில் உரசினால் முன்பக்கம் நசுங்கி ஒரு பக்கமாக இழுக்கும். அந்தப் பந்தயம் முடிகிறவரை அப்படித்தான் இழுத்துக்கொண்டே போக வேண்டும். நாள் முழுக்க வார்டில் நின்றுவிட்டு வந்து, முகம் கழுவி, ஜெபம் முடித்து, இந்தச் சித்திரவதையில் போய் உட்காருவாள். நான் பக்கத்து நாற்காலியில். பிரேக்கு, பிரேக்கு என்று நான் சொல்லச் சொல்ல அவள் மோதிக்கொண்டிருப்பாள்.

இந்த விளையாட்டைச் செய்தவன்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. விளையாட்டு என்றால் மனுஷனுக்குக் கொஞ்சம் சந்தோஷம் கொடுக்க வேண்டாமா? வாழ்க்கையில் இல்லாத கஷ்டமா, காசு கொடுத்து வாங்கி மேசையில் முறுக்கி வைக்க? ஒருநாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன். கொஞ்சம் குறைத்து வைக்கட்டுமா, யாருக்கும் தெரியப்போவதில்லை என்றேன்.

“வேண்டாம்” என்றாள். “இது சரியாத்தான் இருக்கு. நான்தான் சரியில்ல.”

அந்தப் பதில் என்னைச் சுட்டது. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அவள் நன்றாகச் சாப்பிட்டாள் என்பதை நான் கவனித்தேன். மழைக்காலத்துக்குப் பிறகு அவள் அப்படிப் பசித்துச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

உதவிகளை எல்லாம் அணைத்தபோது இன்னொரு மாற்றமும் நடந்திருந்தது. முன்பெல்லாம் காரின் பின்னால் நின்று பார்க்கிற மாதிரித் திரையில் தெரியும். முழுக் கார், சுற்றுமுற்றும் எல்லாம் தெரியும். இப்போது உள்ளே உட்கார்ந்து பார்க்கிற மாதிரி. எதிரே கண்ணாடி, அதன் வழியாகத் தெரிகிற சாலை, இரண்டு பக்கமும் பின்னால் வருவதைக் காட்டுகிற இரண்டு சின்னக் கண்ணாடி. எனக்கு இது பிடிக்கவில்லை. பாதி உலகத்தை மறைத்துவிட்டு ஓட்டு என்றால் எப்படி ஓட்டுவது? அவள் அதைப் பற்றிக் குறை சொல்லவே இல்லை.

கோடை மழை பெய்து முடிந்த ஒரு மாலையில் அந்தப் பந்தயம் நடந்தது. அதற்குள் அவளுக்குக் கார் கொஞ்சம் அடங்கியிருந்தது. இன்ஜின் நிற்கவில்லை. வளைவுகளில் சுற்றவில்லை. நடுவே எங்கேயோ போய்க்கொண்டிருந்தாள். திரையின் மூலையில் எத்தனையாவது இடம் என்று ஒரு எண் தெரியும். வாத்தியார் புத்தி, என் கண் அதிலேயே இருந்தது. நல்ல இடத்தில் இருந்தாள். இன்னும் ஒரு சுற்றுதான். இப்படியே பிடித்துக்கொண்டு போய்விடு என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பின்னால் ஒரு கார் வந்து ஒட்டியது. எனக்குத் தெரியும், இவள் இப்போது ஒதுங்கப் போகிறாள். விடாதே என்றேன். அவள் கண் ஒரு நொடி இடதுபக்கம் போனது. அவள் ஒதுங்கவில்லை. பின்னால் வந்தவன் இன்னும் நெருங்கினான். விளக்கை அடித்துக் காட்டினான். அப்போதும் அவள் ஒதுங்கவில்லை. சாலையை நேராகப் பிடித்திருந்தாள். ஒரு வளைவு போனது. இன்னொரு வளைவும் போனது. சபாஷ் என்றேன். கடைசியில் புத்தி வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், மறுபடி இடதுபக்கம் பார்த்துவிட்டு நிதானமாக ஒதுங்கினாள். பின்னால் வந்தவன் போனான். அவனுக்குப் பின்னால் வந்தவனும் போனான். அதற்குப் பின்னால் இருந்தவர்களுக்கெல்லாம் வழிவிட்டு, கடைசி ஆளாகக் கோட்டைத் தாண்டினாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இவ்வளவு நேரம் பிடித்துவைத்திருந்ததைக் கடைசி நிமிஷத்தில் தூக்கிக் கொடுத்துவிட்டாயே என்று ஆரம்பித்தேன். திரும்பிப் பார்த்தால் அவள் அழுதுகொண்டிருந்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். என் கையைப் பிடித்து உலுக்கினாள்.

“பாத்தியளா? எடது பக்கம் ஒருத்தன் நின்னான். மஞ்சக் காரு. நான் கண்ணாடியில கண்டேன். அவன் போன பொறவுதான் ஒதுக்கினேன்.”

நான் எந்த மஞ்சள் காரையும் பார்க்கவில்லை. எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் அவளுடைய காரைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார்கள். கடைசி இடம். காரின்மேல் ஒரு கீறல் இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் அவள் பந்தயம் ஓட்டவே இல்லை. அந்த மழைநாளை ஓட்டிக்கொண்டிருந்தாள். சைடு கொடுப்பதை அவள் விடப் போவதில்லை. அது அவள் சுபாவம், எங்கள் ஊர்ச் சுபாவம். பார்த்துக் கொடுக்க முடிகிறதா என்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. இடித்தால் உடையாத இடத்தில், உடைந்ததைப் பின்னால் ஓட்டிச் சரிபண்ண முடிகிற இடத்தில், அவள் பார்த்தாளா இல்லையா என்பதற்கு அர்த்தமே இல்லை. நான் சுலபமான தாளைக் கொடுத்துக் கொடுத்து அவளுக்குத் தேவையான அந்த ஒரு கேள்வியையே நீக்கிவிட்டிருந்தேன். விளையாட்டு எவ்வளவு கஷ்டமாக இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், நான் இப்போது சட்டென்று பதில் சொல்வதில்லை. ஓட்டப் போகிறவர் எதற்காக ஓட்டுகிறார் என்று கேட்கிறேன். வேலை முடிந்து களைத்து வருகிறவருக்குக் கோப்பையும் வாணவேடிக்கையும் போதும். அதில் ஒரு குறையும் இல்லை, நானே அப்படித்தான் ஒன்றிரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். இவளுக்கு அது போதவில்லை.

பள்ளிக்கூடம் திறக்கும் நாள் காலையில் முற்றத்தில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் காரின் உறையை மடித்துக்கொண்டிருந்தாள். பாட்டரியை முந்தின நாளே ஆள் வந்து மாற்றிவிட்டுப் போயிருக்கிறான், என்னிடம் சொல்லவில்லை. நர்ஸ் உடுப்பு, பின் இருக்கையில் மருந்துப் பை. தென்னையிலிருந்து விழுந்தவர் வீட்டுக்குத்தான் முதலில் போகிறேன் என்றாள். என்னைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். என் பயத்தைக் காட்டிக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்தேன்.

கேட்டைத் தாண்டியதும் எங்கள் தெருவில் முதல் வளைவு. ஹாரன் அடித்தாள். எதிரே ஒரு ஆட்டோ வந்தது. பைய, பைய என்றேன். ஆட்டோ போயிற்று. அடுத்து ஒரு சைக்கிள். பிரேக்கு, பிரேக்கு என்றேன். அவள் பிரேக் போட்டாள். தேவையே இல்லாமல் போட்டாள். பின்னால் வந்த ஒரு வேன் கிறீச்சென்று நின்று, திட்டிக்கொண்டே சுற்றிப் போனது.

காரை ஓரமாக நிறுத்தினாள். அவளுக்குக் கோபம் வந்திருக்கும் என்று நினைத்தேன். வரவில்லை. குரல் மிருதுவாகத்தான் இருந்தது.

“அதுல எல்லா உதவியையும் நிறுத்தினோம் இல்லியா. ஒண்ணு மட்டும் பாக்கி இருக்கு. நீங்க எறங்கி பஸ்சுல போவியளா?”

எனக்கு வந்த வருத்தத்தை மறைக்க மாட்டேன். கல்யாணமான நாளிலிருந்து நான் உட்கார்ந்த இடம் அது. அவள் மெலிந்துபோனதைப் பார்த்துப் பார்த்துத் தவித்தவன் நான். அவள் மறுபடி ஓட்டுகிற முதல் நாளில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை. ஆனாலும் அவள் கேட்டது சரி என்று எனக்குத் தெரிந்தது. அவள் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் என் வாய் பார்த்துவிடுகிறது. என் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டே அவளால் அந்தச் சரிவுகளில் ஏற முடியாது.

பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கதவைச் சாத்தினேன். பாத்துப் போ என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, காரை ஒட்டி அப்படியே நின்றேன்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கார் நகரவில்லை. ஏன் போகாமல் இருக்கிறாள், மறுபடி பயம் வந்துவிட்டதா என்று குனிந்து உள்ளே பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் பக்கத்துக் கதவோரக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் நான் நின்றுகொண்டிருந்தேன், தோளில் பையோடு, சக்கரத்துக்கு ஒரு சாண் தூரத்தில்.

ஜன்னல் கண்ணாடி இறங்கியது.

“கொஞ்சம் மாறி நில்லுங்க” என்றாள்.

மாறி நின்றேன். அவள் இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.